'சடலமாக மீட்பு' என்ற செய்திக்கு முந்தைய ஐந்து நிமிடங்கள்

"நண்பர்களுடன் குளிக்கச் சென்ற இளைஞன் சடலமாக மீட்பு." இந்த வரியை எத்தனை தரம் வாசித்திருப்பீர்கள்? ஊரும் வயதும் மட்டும்தான் மாறும். ஒருக்கா கடல், ஒருக்கா குளம், ஒருக்கா தோட்டக் கிணறு, மாரி காலம் என்றால் கல் அகழ்ந்துவிட்டு மூடாமல் விட்ட கிடங்கு. செய்திக்குக் கீழே நாலு பேர் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எழுதுவார்கள். இரண்டு பேர் "உந்தப் பெடியளுக்கு உது தேவையோ" என்று கேட்பார்கள். மிச்சப் பேர் கும்பிடுகிற கை எமோஜியோடு கடந்துவிடுவார்கள். அடுத்த கிழமை அதே வரி வேறொரு ஊரின் பெயரோடு வரும்.

இந்தச் செய்தி எப்போதும் முடிவிலிருந்துதான் எழுதப்படுகிறது. குளிக்கப் போனார், சடலமாக வந்தார். இடையில் என்ன நடந்தது என்று ஒரு வசனமும் இருக்காது. வாசிக்கிற எங்களுக்கும் அது ஏதோ ஒரு நொடியில் நடந்து முடிந்த விசயம் போலத்தான் மனதில் பதிகிறது. தண்ணி இழுத்தது, ஆள் போயிட்டான், அவ்வளவுதான்.

உண்மையில் அது அப்படி ஒரு நொடியில் முடிகிற விசயம் இல்லை. 2002இல் அம்ஸ்டர்டாமில் கூடிய உலக மாநாடொன்றில் நிபுணர்கள் நீரில் மூழ்குதலுக்கு ஒரு வரைவிலக்கணம் சொன்னார்கள். ஒரு திரவத்துக்குள் அமிழ்வதால் சுவாசம் பாதிக்கப்படுகிற செயல்முறைதான் மூழ்குதல். அதன் முடிவு சாவாக இருக்கலாம், பாதிப்போடு பிழைப்பதாக இருக்கலாம், ஒரு குறையும் இல்லாமல் எழும்பி வீட்டுக்குப் போவதாகவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் பாவிக்கிறது. இதில் கவனிக்கவேண்டிய சொல் 'செயல்முறை'. உடம்புக்குள் ஒரு ஒழுங்கான வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக விசயங்கள் நடக்கின்றன. அந்த வரிசை முடிய சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நிமிடங்களில் டொக்டர் பக்கத்தில் இருக்கமாட்டார், அம்புலன்ஸும் வந்து சேர்ந்திருக்காது. கரையில் நிற்கிற நீங்களும் நானும்தான் இருப்போம்.

ஆனபடியால் என்னுடைய கருத்து இதுதான். எங்களில் ஒவ்வொருவரும் அந்த நிமிடங்களில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். அதை விருப்பமானவர்கள் மட்டும் படிக்கிற முதலுதவி வகுப்புக்கு விட்டுவிட ஏலாது. நாலு பக்கமும் கடல், ஊருக்கு ஊர் குளம், வளவுக்கு வளவு கிணறு என்று இருக்கிற நாட்டில் அது எழுத வாசிக்கத் தெரிவது போன்ற ஓர் அடிப்படை அறிவு.

சத்தம் வராது

முதலில் சினிமா எங்களுக்குப் பழக்கிவிட்ட காட்சியை அழிக்கவேண்டும். தண்ணிக்குள் விழுந்த ஆள் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டி "காப்பாத்துங்கோ" என்று கத்துவதும், ஹீரோ ஷேர்ட்டைக் கழற்றிவிட்டுப் பாய்வதும் பார்த்துப் பழகிய கண் எங்களுடையது. அந்தக் கண்ணால் பார்த்தால், உண்மையாக மூழ்குகிறவர் விளையாடுவது போலத்தான் தெரிவார்.

பிராங்க் பியா என்பவர் நியூயோர்க் கடற்கரையொன்றில் உயிர்காப்பாளராக வேலை செய்தவர். 1970களில் மூழ்குகிறவர்களைப் படம் பிடித்துப் பார்த்து, அவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் நடந்துகொள்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தார். உடம்பு தண்ணிக்குள் நேர்குத்தாக நிற்கும். கால் உதைப்பு பெரிதாக இருக்காது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தண்ணியைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஏணியொன்றில் ஏறுவது போல. தலை பின்னுக்குச் சாய்ந்திருக்கும். வாய் தண்ணி மட்டத்துக்கு ஒருக்கா மேலே வரும், ஒருக்கா கீழே போகும். இந்த நிலை 20 தொடக்கம் 60 செக்கன் வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஆள் கீழே போய்விடுவார்.

ஏன் கத்துவதில்லை? சுவாசம்தான் முதல், பேச்சு அதற்குப் பிறகுதான். வாய் மேலே வருகிற அந்த அரைச் செக்கனில் மூச்சை விட்டு இழுக்கவே நேரம் போதாது. கத்துவதற்குக் காற்று மிச்சம் இல்லை. ஏன் கையை ஆட்டுவதில்லை? கையைத் தூக்கினால் உடம்பு தாழும். தண்ணியை அழுத்துகிற கைகளை அவர் நினைத்தாலும் மேலே எடுக்க ஏலாது, அது தன்னிச்சையாக நடக்கிற விசயம். ஒன்றைக் கவனியுங்கள். கத்திக்கொண்டு கையாட்டுகிற ஆளும் ஆபத்தில்தான் இருக்கிறார், அவரைச் சும்மா விட ஏலாது. ஆனால் பத்தடி தள்ளி ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கிறவருக்கு அவரை விடவும் குறைந்த நேரம்தான் இருக்கலாம்.

அதனால்தான் பத்துப் பேர் குளித்துக்கொண்டிருக்கிற இடத்தில், பத்துப் பேரின் கண் முன்னால் ஒருவர் போய்விடுகிறார். "இப்பதான் பக்கத்தில நிண்டவன்" என்று பிறகு எல்லாரும் சொல்லுவார்கள். அது பொய் இல்லை, பக்கத்தில்தான் நின்றிருப்பான். ஒரு சின்னப் பழக்கம் போதும்: சந்தேகம் வந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஏதாவது கேளுங்கள். பதில் வந்தால் பரவாயில்லை. வெறித்த கண்ணோடு பதில் வராமல் இருந்தால் உங்களிடம் அரை நிமிடம்தான் இருக்கிறது. தண்ணிக்குள் விளையாடுகிற சின்னப் பிள்ளைகளின் சத்தம் நின்றால் உடனே திரும்பிப் பார்க்கவேண்டும். பிள்ளைகள் இருந்தால் சத்தம் இருக்கும்.

உடம்புக்குள் நடப்பது

தண்ணிக்குக் கீழே போனவுடன் முதலில் வேணுமென்றே மூச்சை அடக்குகிறோம். எவ்வளவு நேரம் அடக்கலாம்? மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லில் கால் வைத்து இறங்கி, ஒரு நிமிடம் சொச்சத்தில் மேலே வந்துவிடுவார்கள். அது சின்ன வயதிலிருந்து பழகியவர்களின் கணக்கு. பதறிப்போன, பழக்கமில்லாத ஒருவருக்கு அதில் பாதிகூட வராது.

மூச்சை அடக்கும்போது "இழு, இழு" என்று உடம்பு அந்தரப்படுகிறதே, ஒட்சிசன் குறைவதுதான் அதற்கு முக்கிய காரணம் என்று கனபேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காபனீரொட்சைட்டு குருதியில் கூடுவதுதான் காரணம். அது ஒரு அளவைத் தாண்டியவுடன், தண்ணிக்குள் இருந்தாலும் சரி, மூளை மூச்சை இழுக்கச் சொல்லிக் கட்டளை போடும். மனவுறுதியால் அதை நிறுத்த ஏலாது.

இந்த இடத்தில் பெடியளுக்கு ஒரு விசயம் சொல்லவேண்டும். "ஆர் கனநேரம் தம் பிடிக்கிறது" என்ற போட்டிக்கு முதல், கெதி கெதியாக ஆழமான மூச்சுகள் இழுத்துவிட்டு இறங்குகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதனால் ஒட்சிசன் பெரிதாகக் கூடுவதில்லை. காபனீரொட்சைட்டுத்தான் குறைகிறது. அதாவது, அபாய மணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறீர்கள். மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்கு முதலே ஒட்சிசன் தீர்ந்து, ஒரு அறிகுறியும் இல்லாமல் மயக்கம் வரும். நல்லாக நீந்தத் தெரிந்தவர்கள் ஆழமில்லாத நீச்சல் தடாகத்திலேயே இப்படிச் செத்திருக்கிறார்கள்.

சரி, மூச்சை அடக்க முடியாமல் போன பிறகு? வாய்க்குள் தண்ணி வரும். கொஞ்சம் விழுங்குப்படும், கொஞ்சம் சுவாசக்குழாய்ப் பக்கம் போகும். இருமல் வரும். சிலருக்குக் குரல்வளை இறுகி மூடிக்கொள்ளும். அது தண்ணியை உள்ளே விடாமல் உடம்பு போடுகிற கதவு. காற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு மூடப்படுகிறது. ஒட்சிசன் இன்னும் குறைய, இறுக்கம் தளர்ந்து கதவு தானாகத் திறக்கும். அப்போது தண்ணி நுரையீரலுக்குள் போகும்.

இங்கே ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. மூழ்கினவரின் நுரையீரல் குடம் போல நிறைந்திருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் உள்ளே போவது கொஞ்சத் தண்ணிதான். அந்தக் கொஞ்சமே போதும். எங்கட நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான சிற்றறைகளின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. சிற்றறைகள் ஒட்டிச் சுருங்கிப்போகாமல் வைத்திருப்பது அதுதான். தண்ணி அதைக் கழுவிவிடும், அல்லது பழுதாக்கிவிடும். பிறகு சிற்றறைகள் சுருங்கி, ஒட்சிசன் குருதிக்குள் போகிற வழி அடைபடும். வாயிலும் மூக்கிலும் நுரை வருவதும் இந்தக் குழப்பத்தால்தான். உப்புத்தண்ணியோ நல்லதண்ணியோ, முடிவில் உடம்புக்கு நடப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

மூளை எங்கட உடம்பின் நிறையில் ஏறக்குறைய 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு எடுக்கிற ஒட்சிசனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. அதற்குச் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. அதனால் முதலில் விழுவது மூளைதான். உணர்வு போகும், பிறகு சுவாசம் நிற்கும். இதயம் அப்போதும் அடித்துக்கொண்டிருக்கும். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு நாடி பிடிபடாத அளவுக்குப் பலவீனமாக, கடைசியில் முழுதாக நிற்கும்.

இந்த வரிசையில் ஒரு இடைவெளி இருப்பதைக் கண்டீர்களா? சுவாசம் நின்றுவிட்டது, இதயம் இன்னும் நிற்கவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விசயத்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். அந்த இடைவெளியில் கிடைக்கிற சில மூச்சுகள் ஆளைத் திருப்பிக் கொண்டுவரலாம். பிரேசிலைச் சேர்ந்த டேவிட் ஸ்பில்மன் என்ற மருத்துவர், ரியோ டி ஜெனைரோ கடற்கரைகளில் மீட்கப்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சுவாசம் மட்டும் நின்ற நிலையில் எடுக்கப்பட்டவர்களில் 44 சதவீதமானவர்கள் இறந்தார்கள். இதயமும் நின்ற பிறகு எடுக்கப்பட்டவர்களில் 93 சதவீதமானவர்கள் இறந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில நிமிடங்கள்தான்.

அவரும் வேறு மருத்துவர்களும் 2012இல் எழுதிய மீளாய்வு ஒன்றில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 5 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டால், சாவு அல்லது கடும் மூளைப் பாதிப்பு வருகிற வாய்ப்பு 10 சதவீதம். 6 தொடக்கம் 10 நிமிடம் என்றால் 56 சதவீதம். 11 தொடக்கம் 25 நிமிடம் என்றால் 88 சதவீதம். அதற்கு மேல் கிட்டத்தட்ட நூறு. முதல் இரண்டு எண்களையும் பாருங்கள். ஒரு ஆளைக் கூப்பிட ஓடிப்போய்த் திரும்பி வருகிற நேரம்தான் பத்தை ஐம்பத்தாறாக்குகிறது.

1999இல் நோர்வேயில் ஆனா போகன்ஹோல்ம் என்ற மருத்துவர் பனிக்கட்டிக்குக் கீழே 80 நிமிடம் சிக்குண்டு பிழைத்த கதையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அது உண்மைதான். அவருடைய உடல் வெப்பநிலை 13.7 பாகைக்கு இறங்கியிருந்தது. ஒட்சிசன் தீருவதற்கு முதலே குளிர் மூளையின் தேவையைக் குறைத்துவிட்டது, கொஞ்ச நேரம் காற்றுப்பை ஒன்றும் கிடைத்தது. எங்கட கடலிலும் குளத்திலும் அந்தக் குளிர் இல்லை. எங்கட தண்ணி இதமானது, குளிக்க நல்லது, மூளைக்கு ஒரு நிமிடமும் கூடுதலாகக் கொடுக்காது.

தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது

கரைக்கு எடுத்த பிறகு எங்கட ஆக்கள் செய்வது என்ன? காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது. தோளில் போட்டு ஓடுவது. குப்புறப் போட்டு வயிற்றை அமத்துவது. வாயால் தண்ணி வந்தால் "வந்திட்டுது, வந்திட்டுது" என்று எல்லாருக்கும் ஒரு ஆறுதல். வருகிற தண்ணி பெரும்பாலும் வயிற்றுக்குள் விழுங்கின தண்ணி. அது அங்கேயே இருந்தாலும் ஆள் சாகமாட்டார். வயிற்றை அமத்துவதால் அது வாந்தியாக மேலே வந்து சுவாசக்குழாய்க்குள் போகிற ஆபத்துத்தான் கூடுகிறது. அதைவிடப் பெரிய நட்டம், அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு மூச்சுக்கூட உள்ளே போகவில்லை என்பது.

இதைச் செய்கிறவர்களைப் பகிடி பண்ண எனக்கு விருப்பமில்லை. அவர்களும் ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் ஓடுகிறார்கள். மனிதர்கள் எல்லா இடத்திலும் இப்படித்தான் தடவித் தடவிப் படித்தார்கள். 1767இல் அம்ஸ்டர்டாமில் நீரில் மூழ்கினவர்களை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களே மூழ்கினவரின் மலவாசல் வழியாகப் புகையிலைப் புகையை ஊதச் சொன்னவர்கள். மூழ்கினவரைப் பீப்பாய்க்கு மேல் போட்டு முன்னும் பின்னும் உருட்டுகிற வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. வாய்க்கு வாய் வைத்து ஊதுவதும் அந்தச் சங்கத்தின் அறிவுரைகளில் இருந்தது, பிறகு கனகாலம் மறக்கப்பட்டது. 1950களில் ஜேம்ஸ் எலமும் பீட்டர் சஃபாரும் அதைத் திரும்பக் கொண்டுவந்து நிரூபித்தார்கள். 1960இல் நெஞ்சழுத்தம் வந்து சேர்ந்தது. அதாவது சரியான வழி தெரிந்து அறுபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. அது இன்னும் எங்கட கிணத்தடிக்கு வந்து சேரவில்லை என்பதுதான் பிரச்சினை.

அந்த வழி இதுதான். முதலில், நீந்தத் தெரியாமல் குதிக்காதீர்கள். நீந்தத் தெரிந்திருந்தாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். மூழ்குகிறவர் கையில் அகப்பட்ட எதையும் கீழே அழுத்தித்தான் மேலே வரப் பார்ப்பார், அது உங்கட தலையாக இருந்தாலும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போவது இதனால்தான். தடியை நீட்டுங்கள், சாரத்தை எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். கயிறு, லொறி டியூப், மூடி இறுக்கின வெறும் தண்ணிக் கலன், எதுவும் உதவும்.

வெளியே எடுத்தவுடன் மல்லாக்கக் கிடத்துங்கள். ஒரு ஆள் 1990க்கு எடுக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. சுவாசம் இருக்கிறதா என்று பத்துச் செக்கனுக்குள் பாருங்கள். இடைக்கிடை மீன் மாதிரி வாயைத் திறந்து இழுப்பது சுவாசம் இல்லை. சுவாசம் இல்லையென்றால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயில் வாய் வைத்து நெஞ்சு எழும்புமட்டும் ஊதுங்கள். ஐரோப்பிய வழிகாட்டி முதலில் ஐந்து மூச்சு என்கிறது, அமெரிக்க வழிகாட்டி இரண்டு என்கிறது. எதுவென்றாலும் மூச்சுத்தான் முதல். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, திரும்ப 30, திரும்ப 2. வளர்ந்தவர் என்றால் 5 தொடக்கம் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 என்ற வேகத்தில். நுரையைத் துடைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஆள் எழும்பி "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பழுதான நுரையீரல் சில மணித்தியாலம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டலாம்.

"கையால நெஞ்சை அமத்தினாப் போதும், வாய் வைக்கத் தேவையில்லை" என்று சிலர் படித்திருப்பீர்கள். அது திடீரென மாரடைப்பில் விழுந்தவருக்கான குறுக்குவழி. அவருடைய குருதியில் ஒட்சிசன் இன்னும் இருக்கும், அதைச் சுற்றவிட்டால் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். மூழ்கினவருடைய குருதியில் ஒட்சிசன் முடிந்துபோயிருக்கிறது. வெறும் குருதியைச் சுற்றவிட்டு அவருக்கு என்ன பிரயோசனம்? அதோடு ஒன்று: இதை வாசித்துவிட்டுச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பொம்மையில் ஒருக்காவாவது அமத்திப் பழகினால்தான் கை அந்த ஆழத்தைப் பிடிக்கும்.

கண்டமும் காவும்

"அவனுக்குத் தண்ணியில கண்டம் எண்டு சாதகத்தில இருந்தது." "அந்தக் குளம் வருசத்துக்கு ஒரு ஆளை எடுக்கும்." செத்தவீட்டில் இப்படிக் கதைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஏதோ ஒரு காரணம் வேணும். ஆனால் ஊராக, பிரதேச சபையாக, பாடசாலையாக நாங்கள் அதை ஏற்றுக்கொள்ள ஏலாது. ஒரு குளம் வருசா வருசம் ஒரே இடத்தில் ஆள் எடுக்கிறது என்றால், அங்கே மண் அள்ளின கிடங்கு இருக்கும், அல்லது திடீரென்று இறங்குகிற பள்ளம் இருக்கும், அல்லது காலைச் சுற்றுகிற பாசி இருக்கும். காவு கேட்கிற குளத்துக்கு ஒரு பலகை, ஒரு கயிறு, மிதக்கிற ஏதாவது ஒன்று என்று வைத்துப் பார்ப்போமே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாவற்றையும் "நீச்சல் பழகுங்கோ" என்று பிள்ளைகளின் தலையில் கட்டிவிட ஏலாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் செத்தார்கள். பாலம் கட்டி முடியவில்லை என்பதால்தான் சனம் அந்த மிதப்பில் ஏறியது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுபட்டது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஒரு பாலம், உயிர்காப்பு அங்கி, "இண்டைக்கு இந்த ரோட்டால போகேலாது" என்று மறிக்கிற ஒரு அதிகாரி. உடம்பைப் பற்றிய அறிவு அரசாங்கத்தின் கடமைக்குப் பதிலாக வராது. ஐந்து நிமிடத்தில் மூளை அழியத் தொடங்கும் என்று தெரிந்த சமூகம், அம்புலன்ஸ் வரும் என்று நம்பிக்கொண்டு பிள்ளைகளை அந்த மிதப்பில் ஏற்றாது. பாலம் எங்கே என்று முதலே கேட்கும்.

பெடியளும் பெட்டையளும்

உலகம் முழுக்க ஆண்கள்தான் பெண்களை விடக் கூடுதலாக மூழ்கிச் சாகிறார்கள். தண்ணிக்குப் போகிறவர்களும், குடித்துவிட்டு இறங்குகிறவர்களும், "ஏலுமெண்டா அந்தப் பக்கம் போய்க் காட்டு" என்பதற்கு மறுக்க முடியாதவர்களும் அவர்கள்தான். ஆனால் 2004 சுனாமியில் கணக்கு மாறியது. ஒக்ஸ்பாம் 2005இல் வெளியிட்ட அறிக்கையில், பாதிக்கப்பட்ட பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்ததைக் காட்டியது. இலங்கையில் நீந்தவும் மரம் ஏறவும் பழக்கப்படுவது பெரும்பாலும் ஆண்பிள்ளைகள்தான் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது.

பெடியளுக்குத் துணிவைக் கொடுத்து அறிவைக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம். பெட்டையளுக்கு இரண்டையும் கொடுக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளை உடுப்பு நனைய எல்லாருக்கும் முன்னால..." என்று தொடங்குகிற வசனம் எத்தனை வீடுகளில் முடிக்கப்படாமலே ஒரு பிள்ளையைக் கரையில் இருத்தியிருக்கிறது. அறுகம்பேயில் 2018இல் பெண்கள் சேர்ந்து அலைச்சறுக்கலுக்கு ஒரு கழகம் தொடங்கியபோது அவர்கள் முதலில் தாண்டவேண்டியிருந்தது அலையை இல்லை, இந்த வசனத்தைத்தான். அதே வெட்கம் கரையில் திரும்பவும் வரும். மூழ்கியது ஒரு பெண் என்றால் நெஞ்சில் கை வைக்கவும் வாயில் வாய் வைக்கவும் சுற்றி நிற்கிற ஆண்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கும் ஒட்சிசன்தான் செலவாகிறது. சுற்றி நிற்கிற பெண்களுக்கும் செய்யத் தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியே வராது.

வடக்குக் கிழக்கில் இன்னொரு தனிக் காரணமும் உண்டு. வலிகாமம் வடக்குக் கரை போன்ற இடங்கள் உயர் பாதுகாப்பு வலயமாகப் பல வருசம் மூடிக் கிடந்தன. மயிலிட்டித் துறைமுகம் சனத்துக்குத் திரும்பியதே 2017இல்தான். கடலுக்குப் பக்கத்தில் பிறக்கவேண்டிய ஒரு தலைமுறை கடலைத் தொடாமல் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வளர்ந்தது. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த மாதத்தில் இறங்கக்கூடாது என்று அப்பு சொல்லிக்கொடுக்கிற அறிவு இடையில் அறுந்தது. இப்போது கடற்கரைகள் திறந்திருக்கின்றன, மோட்டார்சைக்கிள் இருக்கிறது, லீவு நாள் இருக்கிறது. அந்த அறிவு மட்டும் திரும்பி வரவில்லை.

என்ன கேட்கலாம்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் மூழ்கிச் செத்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எங்களைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில். இதற்கான தீர்வுகள் பெரிய செலவுள்ளவையும் இல்லை. தண்ணிக்குக் கட்டு அல்லது வேலி, சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு இடம், பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மீட்பும் உயிர்ப்பிப்பும், படகுகளுக்கு ஒழுங்கான சட்டம், வெள்ளத்துக்கு முன்னேற்பாடு. பங்களாதேஷ் எங்களை விட வசதியான நாடு இல்லை. அங்கே கிராமத்துப் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களையும், மூங்கில் மேடை கட்டின குளத்திலேயே நடக்கிற நீச்சல் வகுப்புகளையும் வைத்துப் பிள்ளைகளின் சாவைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் எங்கே தொடங்கலாம்? விஞ்ஞானப் பாடத்தில் சுவாசத் தொகுதியைக் கீறிக் குறிக்கிற பிள்ளைக்கு, அதே பாடவேளையில் இருபது நிமிடம் ஒரு பொம்மையில் மூச்சு ஊதக் காட்டலாம். பரீட்சைக்குச் சிற்றறையின் படம் வரும், வாழ்க்கைக்கு அது எதற்கு என்பது வராது என்றால் என்ன பாடம் அது? பழைய மாணவர் சங்கங்கள் வருசா வருசம் மேடை போடுகிற காசில் ஒரு பகுதிக்குப் பொம்மைகள் வாங்கலாம். சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் செஞ்சிலுவைச் சங்கத்தையோ சென் ஜோன் முதலுதவிப் படையையோ கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கலாம். குளிக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கயிறும் ஒரு டியூப்பும் தொங்கட்டும். களவு போனால் திரும்பவும் தொங்கவிடுவோம்.

அடுத்த முறை ஐந்தாறு பேராகச் சேர்ந்து குளிக்கப் போகும்போது, சாப்பாடு ஆர் கொண்டுவருவது என்று கதைக்கிற குரூப்பில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: எங்களில் ஆருக்கு மூச்சுக் கொடுக்கத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது என்று பதில் வந்தால், குளிக்கிற திகதிக்கு முதல் அதைப் பழகுகிற திகதியைக் குறியுங்கள்.